முதுகில் ஸ்டிமுலேட்டர் வைத்து 11 மாதம் ஆச்சு: ஒரு டெய்லரின் ரிவ்யூ

"இன்னாக்கா, இடுப்புல பேட்டரி வெச்சிக்கினியாமே, சார்ஜ் எறங்கிட்சுன்னா அப்டியே நின்னுடுவியா?" எங்கள் தெருவில் மீன் விற்கிற பெண் போன வாரம் இப்படித்தான் கேட்டாள். சிரித்துவிட்டேன். அவள் சொன்ன பேட்டரி, முதுகுத்தண்டுக்கு மெதுவாகக் கரண்ட் விட்டு வலியை அடக்குகிற ஸ்டிமுலேட்டர் என்கிற கருவியுடையது. அப்புறம் யோசித்தால் கேள்வி அவ்வளவு தப்பில்லை. சார்ஜ் இறங்கினால் நிற்பேன், நடப்பேன், உட்காரத்தான் முடியாது. உட்காராவிட்டால் எனக்குப் பிழைப்பு கிடையாது. பழைய வண்ணாரப்பேட்டையில் எம்.சி. ரோட்டுக்குப் பின்னால் ஒரு சந்தில் பிளவுஸ் தைக்கிற கடை வைத்திருக்கிறேன். மோட்டார் மிஷின், வலது காலால் பெடல். வலி வந்ததும் அதே வலது காலில்தான்.

2019இல் டிஸ்க் ஆபரேஷன். எட்டு மாதம் நன்றாக இருந்தேன். மறுபடி ஆரம்பித்தது. 2021இல் இரண்டாவது ஆபரேஷன், இந்தத் தடவை ஸ்க்ரூ வைத்து. அதற்குப் பிறகு எடுத்த ஒவ்வொரு படத்தையும் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து "எல்லாம் நல்லா செட்டாகியிருக்கும்மா" என்றார்கள். படத்தில் நன்றாக இருக்கிற முதுகை வைத்துக்கொண்டு நான் ராத்திரி இரண்டு மணிக்குக் கூடத்தில் நடந்துகொண்டிருப்பேன். பிட்டத்தில் ஆரம்பித்து, தொடையின் வெளிப்பக்கமாக இறங்கி, பாதத்தின் மேலே ஓடி, கட்டைவிரலில் போய் முடிகிற ஒரு கோடு. சாக்பீஸ் வைத்துத் துணியில் மார்க் பண்ணுவது மாதிரி அந்தக் கோட்டை என்னால் வரைந்து காட்ட முடியும். பிரிகாபாலின் என்கிற நரம்பு வலி மாத்திரையை 300 மில்லிகிராம் வரை ஏற்றினார்கள். கால் வீங்கியது, எடை ஏறியது, கஸ்டமர் சொன்ன அளவு எழுதுவதற்குள் மறந்து போனது. முதுகில் ஸ்டீராய்டு ஊசி மூன்று தடவை, ஒவ்வொன்றும் சில வாரம் தாங்கியது.

முதுகு ஆபரேஷனுக்குப் பிறகும் நிற்காத இந்த வலிக்குப் 'பெயில்டு பேக் சர்ஜரி சிண்ட்ரோம்' என்று ஒரு பெயர். அந்தப் பெயரை முதலில் ஃபைலில் பார்த்தபோது ஏதோ நான் பரீட்சையில் தோற்ற மாதிரி இருந்தது. இப்போது 'பெர்சிஸ்டென்ட் ஸ்பைனல் பெயின் சிண்ட்ரோம் டைப் 2' என்று மாற்றியிருக்கிறார்கள். பெயர் நாகரிகமாகிவிட்டது, வலி அதே வலிதான்.

சரி, ரிவ்யூவுக்கு வருகிறேன். கருவிக்கு ஐந்துக்கு நான்கு. வாங்கிய பிறகு கிடைத்த சர்வீஸுக்கு இரண்டு. எந்த ஆஸ்பத்திரி, எந்தக் கம்பெனி என்று கேட்காதீர்கள், எழுதப் போவதில்லை. மெட்ரானிக், பாஸ்டன் சயின்டிபிக், அபாட் என்று உலக அளவில் பெரிய கம்பெனிகள் சில இருக்கின்றன, உங்கள் டாக்டர் எதில் பழகியிருக்கிறாரோ அதைத்தான் சொல்வார். செலவு லட்சங்களில். முதலில் சில நாள் தற்காலிகமாக வைத்துப் பார்க்கிற ட்ரயலுக்குத் தனி பில், நிரந்தரமாக வைப்பதற்குத் தனி பில். ட்ரயல் சரிவரவில்லை என்றாலும் அந்தப் பணம் போனது போனதுதான். என் வீட்டுக்காரர் துறைமுகத்தில் கிளியரிங் ஆபீஸில் இருக்கிறார், அங்கே எடுத்த குரூப் பாலிசி ஒரு பகுதியைக் கொடுத்தது, மீதிக்கு என் இரண்டு வளையல் போனது. இன்சூரன்ஸ் ஒப்புதலை ட்ரயலுக்கு முன்னாலேயே எழுத்தில் வாங்கிவிடுங்கள், வாய்ப்பேச்சை நம்பாதீர்கள்.

இது எப்படி வேலை செய்கிறது என்று டாக்டர் படம் போட்டுக் காட்டினார். எனக்கு அது கொருக்குப்பேட்டை ரயில்வே கேட்டை நினைத்த பிறகுதான் புரிந்தது. கூட்ஸ் வண்டி போகும்போது கேட்டைப் போட்டுவிட்டால் இந்தப் பக்கம் ஆட்டோ, லாரி, ஸ்கூல் வேன் எல்லாம் ஹாரன் அடித்துக்கொண்டு நிற்கும் இல்லையா, அதேதான். முதுகுத்தண்டின் பின்பக்கமாக இரண்டு மெல்லிய ஒயரை வைத்து மெதுவாகக் கரண்ட் விட்டால், தொடு உணர்ச்சியைக் கொண்டுபோகிற பெரிய நரம்புகள் சுறுசுறுப்பாகி, வலியைக் கொண்டுவருகிற சின்ன நரம்புகளுக்குக் கேட் விழுந்துவிடுகிறது. 1965இல் மெல்ஜாக், வால் என்று இரண்டு பேர் எழுதிய கொள்கை இது. 1967இல் ஷீலி என்கிற அமெரிக்க நரம்பு அறுவை டாக்டர் முதன்முதலாக ஒரு நோயாளிக்கு வைத்துப் பார்த்தார். இப்போது வருகிற, வேகவேகமாகத் துடிக்கிற கரண்ட் வகைகளுக்கு இந்தக் கேட் விளக்கம் மட்டும் போதாது என்றும் டாக்டரே சொன்னார். ஆனால் ஒரு விஷயத்தை இந்தக் கேட் சரியாகச் சொல்கிறது: வண்டிகள் திரும்பிப் போகவில்லை, நின்றுகொண்டுதான் இருக்கின்றன. கேட்டைத் தூக்கினால் எல்லாம் வரும்.

மாமனார் காசிமேட்டில் படகு வைத்திருந்தவர். நான் இதையெல்லாம் விளக்கியதும் "இது இன்னா பெரிய விஷயம், கரண்ட் அடிக்கிற திருக்கையை மிதிச்சா முழங்கால் வரைக்கும் மரத்துடும்மா" என்றார். கிழவர் கதை விடுகிறார் என்று நினைத்தேன். என் பெண் பி.பார்ம் படிக்கிறாள், அவள்தான் தேடிப் பார்த்துச் சொன்னாள்: கி.பி. முதல் நூற்றாண்டிலேயே ஸ்க்ரிபோனியஸ் லார்கஸ் என்கிற ரோமாபுரி வைத்தியர் கீல்வாதக்காரர்களை உயிருள்ள திருக்கை மேல் கால் வைத்து, மரத்துப் போகும் வரை நிற்கச் சொல்லி எழுதி வைத்திருக்கிறாராம். அன்றிலிருந்து மாமனாருக்கு வீட்டில் மரியாதை ஒரு படி கூடிவிட்டது.

ட்ரயலுக்கு முன்னால் மனநல டாக்டரிடம் அனுப்பினார்கள். எனக்குக் கோபம் வந்தது, வலி நடிப்பு என்கிறார்களா என்று. இது எல்லோருக்கும் செய்கிற வழக்கம்தான், கோபித்துக்கொள்ளாதீர்கள். மனச்சோர்வு அதிகமாக இருக்கும்போது வைத்தால் பலன் குறையும் என்பதால் பார்க்கிறார்கள். சர்க்கரையையும் கட்டுக்குள் கொண்டுவரச் சொன்னார்கள், இல்லையென்றால் புண் சீழ் பிடிக்குமாம்.

ட்ரயல் அன்று குப்புறப் படுக்க வைத்து, முதுகில் மரத்துப்போக ஊசி போட்டு, எக்ஸ்ரே திரையைப் பார்த்துக்கொண்டே ஒரு தடித்த ஊசி வழியாக ஒயரை மேலே ஏற்றினார்கள். இரண்டு ஒயர், ஒவ்வொன்றிலும் கரண்ட் விடுகிற எட்டு முனை. முழு மயக்கம் கிடையாது, ஏனென்றால் நாம்தான் வழி சொல்ல வேண்டும். கம்பெனியிலிருந்து வந்த தம்பி தலைமாட்டில் நின்றுகொண்டு "எங்கக்கா தெரியுது, எங்கக்கா தெரியுது" என்று கேட்டுக்கொண்டே இருந்தான். முதலில் விலா எலும்பில் தெரிந்தது, அப்புறம் இடது தொடையில், "தப்பான காலுப்பா" என்றேன். கொஞ்சம் நகர்த்தினார்கள். திடீரென்று வலது காலில், நான் சொன்ன அதே கோட்டில், கட்டைவிரல் வரைக்கும் ஒரு ஜும்மென்ற அதிர்வு இறங்கியது. ஓடுகிற மோட்டார் மிஷின் தலை மேல் உள்ளங்கையை வைத்தால் எப்படி இருக்கும், அப்படி. நான் அழுதுவிட்டேன். அந்தத் தம்பி பயந்துபோய்க் கரண்டைக் குறைத்துவிட்டான்.

இப்போது நான் முக்கியமாகச் சொல்ல வந்தது. ட்ரயல் எனக்கு ஏழு நாள். ஒயர் முதுகிலிருந்து வெளியே வந்து இடுப்பில் ஒரு சின்னப் பெட்டியில் சேரும், குளிக்கக் கூடாது, துடைத்துக்கொள்ளலாம், குனியக் கூடாது, திரும்பக் கூடாது, கையைத் தலைக்கு மேல் தூக்கக் கூடாது. வீட்டுக்குப் போய் ஓய்வெடுங்கள் என்று நர்ஸ் சொன்னதைக் கேட்டு முதல் இரண்டு நாள் மகாராணி மாதிரிப் படுத்திருந்தேன். வலி குறைந்த மாதிரித்தான் இருந்தது. படுத்திருந்தால் எனக்கு எப்போதும் குறைவாகத்தான் இருக்கும்! இதில் என்ன கண்டுபிடிக்க முடியும்? மூன்றாம் நாள் டாக்டருக்கு போன் போட்டு, மிஷினில் உட்காரலாமா என்று கேட்டேன். குனியாமல், துணி மூட்டை தூக்காமல் உட்காரு என்றார். கடைக்குப் போனேன். அதற்கு முன்னால் என் கணக்கு 20 நிமிடம். 20 நிமிடத்தில் எழுந்துவிடுவேன், எழுந்து சுவரைப் பிடித்துக்கொண்டு காலை உதறுவேன், பிளவுஸுக்கு ஒரு கை வைத்து முடிப்பதற்குள் மூன்று தடவை எழுந்திருப்பேன். அன்று லைனிங் வைத்த ஒரு பிளவுஸை, கழுத்துப் பட்டி வரைக்கும், ஒரே உட்காரலில் முடித்துவிட்டு மணியைப் பார்த்தால் 1 மணி 10 நிமிடம் ஆகியிருந்தது. வலி இருந்தது, ஆனால் பக்கத்து அறையில் யாரோ பேசுகிற மாதிரி இருந்தது.

வலி பாதிக்கு மேல் குறைந்தால் ட்ரயல் பாஸ் என்பது வழக்கமான கணக்கு. பத்துக்கு எத்தனை என்று கேட்பார்கள். அந்த நம்பரை நம்பாதீர்கள் என்பேன், அது அன்றைய மனநிலையைப் பொறுத்து மாறும். உங்களுக்கு எந்த வேலை முடியவில்லையோ அந்த வேலையை ட்ரயலில் டாக்டர் அனுமதிக்கிற அளவுக்குச் செய்து பாருங்கள், மணி பார்த்து எழுதி வையுங்கள். நான் அளவு நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதி வைத்தேன். எட்டாவது நாள் ஒயரை உருவியதும் மறுநாள் காலையில் 25 நிமிடம் தாண்டவில்லை. அந்தப் பக்கம்தான் வளையலை விற்க எனக்குத் தைரியம் கொடுத்தது.

இதற்கு எதிர்ப் பக்கமும் இருக்கிறது, அதையும் சொல்ல வேண்டும். ஆபரேஷனுக்குப் பிறகு கால் வலி நிற்காத 100 பேரை வைத்து நடந்த ஓர் ஆய்வு 2007இல் வெளியானது, ஆறு மாதத்தில் கருவி வைத்தவர்களில் 48 சதவீதம் பேருக்குக் கால் வலி பாதியாவது குறைந்தது, மருந்து மாத்திரை மட்டும் எடுத்தவர்களில் 9 சதவீதம்தான். கேட்க நன்றாக இருக்கிறது. அதே ஆய்வில் ஒரு வருடத்துக்குள் கருவி வைத்தவர்களில் 32 சதவீதம் பேருக்குக் கருவி சம்பந்தமான ஏதோ ஒரு தொல்லை வந்தது என்பதையும் படியுங்கள். 2022இல் நார்வேயில் 50 பேருக்குக் கருவியை வைத்துவிட்டு, சில மாதம் ஓட விட்டு, சில மாதம் அவர்களுக்குத் தெரியாமல் நிறுத்தி வைத்துப் பார்த்தார்கள், கொத்துக் கொத்தாகத் துடிக்கிற 'பர்ஸ்ட்' என்கிற வகைக் கரண்ட். அன்றாட வேலை செய்யும் திறனில் சொல்லும்படி வித்தியாசமே வரவில்லை. என் பெண் இதைக் காட்டியபோது எனக்கு வயிற்றைக் கலக்கியது. டாக்டரிடம் நேரடியாகவே கேட்டேன். மழுப்பவில்லை. "இது எல்லாருக்கும் வேலை செய்யாதும்மா, நம்பிக்கையாலயும் வலி கொஞ்சம் குறையும்" என்றார். அதற்காகவே அவருக்கு ஒரு கும்பிடு.

என் காலுக்கு நம்பிக்கையா, கரண்டா என்பதற்கு எனக்கு ஒரே ஒரு அத்தாட்சி இருக்கிறது, ஆராய்ச்சி இல்லை. என் கருவியில் புரோகிராம்கள் இரண்டு விதம், அதிர்வு தெரிகிற விதம் ஒன்று, ஒன்றுமே தெரியாத விதம் ஒன்று. தெரியாததைத்தான் பெரும்பாலும் ஓட விடுவேன். ஐந்தாவது மாதம் ஆடி தள்ளுபடி சமயம், வேலை நெருக்கியதில் சார்ஜ் போட மறந்தே போய்விட்டேன். ஒரு சாயங்காலத்திலிருந்து கால் இழுக்க ஆரம்பித்தது, மறுநாள் பழைய கோடு பழையபடி. வெயில், நடை, ராத்திரி சாப்பிட்ட கருவாடு என்று எல்லாவற்றையும் குற்றம் சொல்லிவிட்டு, கடைசியில் ரிமோட்டை எடுத்துப் பார்த்தால் பேட்டரி காலி. அணைந்ததே எனக்குத் தெரியாது. தெரியாமலே வலி வந்ததே, அது போதும் எனக்கு.

நிரந்தரமாக வைத்தது ட்ரயல் முடிந்து நான்கு வாரம் கழித்து. இங்கேதான் எனக்கு முதல் குறை. பேட்டரியைப் பிட்டத்துக்குக் கொஞ்சம் மேலே தோலுக்கடியில் பை மாதிரி வெட்டி உள்ளே வைக்கிறார்கள். அந்த இடத்தை முன்னாலேயே மார்க் பண்ண வேண்டும். எனக்கும் பண்ணினார்கள், ஆஸ்பத்திரி கவுனில் நிற்க வைத்து, பேன்ட் பெல்ட் எங்கே வரும் என்று கேட்டார்கள். நான் வாழ்நாளில் பேன்ட் போட்டதில்லை, ஏதோ ஒரு இடத்தைக் காட்டினேன். ஆபரேஷன் முடிந்து புடவை கட்டினால் பாவாடை நாடா சரியாகப் பேட்டரியின் மேல்விளிம்பில் உட்காருகிறது. ஒருத்தரும் இதைச் சொல்லித் தரவில்லை. பெண்களே, மார்க் பண்ணும்போது பாவாடை கட்டிக்கொண்டு போங்கள். உட்கார்ந்தும் காட்டுங்கள், நாற்காலி முதுகு எங்கே இடிக்கிறது என்று பார்க்கச் சொல்லுங்கள். தையல்காரியாக இருந்துகொண்டு அளவு கொடுப்பதில் நானே ஏமாந்தது இன்னும் ஆறவில்லை.

முதல் எட்டு வாரம் குனியாதே, தூக்காதே, முறுக்காதே. இதை நான் ஒழுங்காகக் கடைப்பிடித்தேன். மூன்றாவது மாதம் பரணிலிருந்து ஒரு துணி மூட்டையை எட்டி இழுத்தேன், அவ்வளவுதான். அன்று ராத்திரி அதிர்வு காலை விட்டுவிட்டு விலாவுக்குப் போய்விட்டது. ஒயர் கொஞ்சம் நகர்ந்திருந்தது, எக்ஸ்ரேயில் தெரிந்தது. எட்டு முனை இருப்பதால் வேறு முனைகளுக்கு மாற்றியே திரும்பக் காலுக்குக் கொண்டுவந்துவிட்டார்கள், மறு ஆபரேஷன் வேண்டியிருக்கவில்லை, அதிர்ஷ்டம். ஆனால் அந்த மாற்றத்தைச் செய்ய டாக்டரால் மட்டும் ஆகவில்லை, கம்பெனி ஆள் லேப்டாப் மாதிரி ஒன்றைக் கொண்டுவர வேண்டும். ட்ரயல் நேரத்தில் ஒரு போனில் ஓடி வந்த அதே தம்பி இப்போது வருவதற்கு 12 நாள். பெங்களூர்ல இருக்கேன்க்கா, திங்கக்கிழமை பார்க்கலாம்க்கா. 12 நாள் மிஷினைத் துணி போட்டு மூடி வைத்திருந்தேன். அந்தப் பையன் மேல் எனக்குக் கோபம் இல்லை, எத்தனை ஊருக்குத்தான் ஓடுவான். இவ்வளவு விலைக்கு விற்கிறவர்கள் சென்னைக்கு இன்னொரு ஆளைப் போடக் கூடாதா? வாங்குவதற்கு முன்னால் கேளுங்கள்: புரோகிராம் மாற்ற யார் வருவார், எத்தனை நாளில் வருவார், அவர் வேலையை விட்டுப் போனால் யார்?

சார்ஜ் விஷயம். ரீசார்ஜ் வகையும் உண்டு, இல்லாததும் உண்டு. இல்லாதது தொல்லை குறைவு, ஆனால் சில வருடத்தில் பேட்டரி மாற்ற மறுபடி வெட்ட வேண்டும், ரீசார்ஜ் வகை அதைவிடப் பல வருடம் கூட வரும். நான் ரீசார்ஜ் எடுத்தேன். பிஸ்கட் அளவு வட்டமான ஒன்றை இடுப்புப் பட்டையில் சொருகி, உள்ளே இருக்கிற பேட்டரிக்கு நேராக வைக்க வேண்டும், ஒரு விரல் நகர்ந்தாலும் பீப் என்று கத்தும். நாலைந்து நாளைக்கு ஒரு தடவை, ஒரு மணி நேரம். இடம் வெதுவெதுப்பாகும், மே மாதத்தில் எரிச்சலாகவே இருக்கும். சீரியல் நேரத்தில் போட்டுக்கொள்கிறேன். ரிமோட்டில் எல்லாம் ஆங்கிலம். என் பெண் பின்பக்கம் ஒரு துண்டு கேன்வாஸை ஒட்டி, 1 கடை, 2 தூக்கம், 3 நடை என்று தமிழில் எழுதிக் கொடுத்திருக்கிறாள்.

சின்னச் சின்ன வேடிக்கைகள் உண்டு. அதிர்வு தெரிகிற புரோகிராமில் மல்லாந்து படுத்தால் திடீரென்று அதிகமாகும், தண்டு ஒயருக்கு நெருங்கி வந்துவிடுவதால். தும்மினால் காலில் ஒரு வெட்டு. மிளகாய் வறுக்கிற நாளில் அணைத்துவிடுவது நல்லது! ஸ்கூட்டி ஓட்டும்போதும் அந்தப் புரோகிராமை அணைக்கத்தான் சொல்கிறார்கள். தண்டையார்பேட்டையிலிருந்து கடைக்கு மெட்ரோவில் இரண்டே ஸ்டேஷன், வாசலில் மெட்டல் டிடெக்டர், உடம்பில் கருவி இருக்கிறது என்று சொல்கிற கார்டைக் காட்டினால் கையால் சோதித்து அனுப்புகிறார்கள். முதல் வாரம் முறைத்தார்கள், இப்போது "பேட்டரி அம்மாவா, போங்க" என்கிறார்கள்.

விளையாட்டில்லாத ஒன்று: நம் பக்கம் சந்துக்குச் சந்து பிசியோதெரபி சென்டர் இருக்கிறது, முதுகு வலி என்று போனால் முதல் வேலையாக ஷார்ட்வேவ் டயாதெர்மி, அந்தச் சூடு வைக்கிற மிஷினை, வைத்துவிடுவார்கள். ஸ்டிமுலேட்டர் உள்ளே இருந்தால் அது கூடவே கூடாது. கருவி அணைந்திருந்தாலும் கூடாது. அந்தச் சக்தி ஒயர் வழியாகப் போய் நரம்பையே பொசுக்கிவிடும். பல் டாக்டரானாலும் சரி, வேறு ஆபரேஷனானாலும் சரி, முதலில் கார்டைக் காட்டுங்கள். எம்ஆர்ஐ எடுக்கலாமா, எந்த நிபந்தனையில் என்பதையும் உங்கள் மாடலுக்கு எழுதி வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

இன்றைய கணக்கு: கால் வலி எட்டிலிருந்து நான்கு, சில நாள் மூன்று. இடுப்பு வலி ஆறு இருந்தது, ஐந்து ஆகியிருக்கிறது, அதற்கு இது பெரிதாக ஒன்றும் செய்யவில்லை. பிரிகாபாலின் மாத்திரை ராத்திரிக்கு 75 மில்லிகிராம் மட்டும். ஒரு நாளைக்கு இரண்டு பிளவுஸ் தைத்தவள் ஐந்து தைக்கிறேன், தீபாவளிக்கு ஆறு.

அப்புறம் அந்த நாடா. பேட்டரியை இடம் மாற்ற முடியாது, பாவாடையை மாற்றினேன். நாடாவை எடுத்துவிட்டு நான்கு அங்குல அகலத்தில் இரட்டைக் காட்டன் பட்டி வைத்து, பேட்டரி இல்லாத பக்கமாக மூன்று கொக்கி, ஒன்றுக்கொன்று முக்கால் அங்குலம் இடைவெளி. பட்டி அழுத்தத்தைப் பரப்பிவிடுவதால் விளிம்பில் அறுப்பதில்லை, புடவை கொசுவமும் நிற்கிறது. பட்டிக்கு உள்பக்கம் மல் துணி வையுங்கள், பாலியெஸ்டர் வேண்டாம், வியர்வையில் தழும்பு அரிக்கும். இடுப்பளவை உட்கார்ந்துகொண்டு எடுங்கள்.